நருட்டோவுக்குப் பன்னிரண்டு வயது: படக்குழுவுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள இயக்குநர் டெஸ்டின் டேனியல் கிரெட்டன் அவர்களுக்கும் லயன்ஸ்கேட் நிறுவனத்தாருக்கும்,

வணக்கம். ஜப்பானிய காமிக்ஸாகவும் அனிமே எனும் கார்ட்டூன் தொடராகவும் வந்த நிஞ்சாச் சிறுவன் நருட்டோவின் கதையை நிஜ நடிகர்களை வைத்துப் படமாக்கப் போகிறார்கள் என்ற பேச்சு 2015இல் கிளம்பியது. அப்போது இயக்குநராகச் சொல்லப்பட்டவர் மைக்கேல் கிரேசி. அடுத்த ஆண்டு டிசம்பரில், கதையைப் படைத்த மசாஷி கிஷிமோட்டோவே அதை உறுதிப்படுத்தினார், ஜம்ப் ஃபெஸ்டா என்ற ஜப்பானிய காமிக்ஸ் விழாவை ஒட்டி. அப்புறம் சத்தமே இல்லை. கிணற்றில் போட்ட கல்தான் என்று நாங்கள் முடிவு கட்டியிருந்தபோது, 2024 பிப்ரவரியில் உங்கள் பெயர் வந்தது. எழுத்திலும் பங்கெடுத்து, இயக்குவதும் நீங்களே என்றார்கள்.

எனக்கு ஒரே ஒரு வேண்டுகோள்தான். அவன் வயதைக் கூட்டிவிடாதீர்கள். கதை தொடங்கும்போது நருட்டோவுக்குப் பன்னிரண்டு வயது. பன்னிரண்டாகவே இருக்கட்டும்.

பன்னிரண்டு என்றால் எவ்வளவு என்று பெரியவர்களுக்கு மறந்துவிடுகிறது. என் அக்கா மகன் ஏழாம் வகுப்பு. சோனி யே சேனலில் தமிழ் டப்பிங்கில் பார்த்துத் தொடங்கியவன், இப்போது ஜப்பானியக் குரலில் பார்த்தால்தான் பார்த்த மாதிரி என்கிறான். போன கோடை விடுமுறையில் வீட்டில் பால்பவுடர் டின்னின் மூடி காணாமல் போனது. டின் முழுக்க எறும்பு. அம்மா போட்ட சத்தத்தில் தெருவே எட்டிப் பார்த்தது. மூடி எங்கே என்று பார்த்தால், ஜாமெட்ரி பாக்ஸ் காம்பஸ் முனையால் நருட்டோவின் ஊரான கொனோஹா கிராமத்து இலைச் சின்னத்தை அதில் கீறி, பழைய ஸ்கூல் டையில் வைத்துத் தைத்து, நெற்றியில் கட்டிக்கொண்டு மொட்டைமாடியில் நிற்கிறான். இரண்டு கையையும் பின்னால் நீட்டிக்கொண்டு தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி நருட்டோ ஓட்டம் வேறு.

அன்று ராத்திரி பதினொரு மணிக்கு அதே நிஞ்சா என்னை எழுப்பினான். பாத்ரூம் கொல்லைப்புறத்தில் இருக்கிறது. "மாமா, சும்மா வெளியில நில்லு, போதும்." நின்றேன். உள்ளேயிருந்து அரை நிமிடத்துக்கு ஒரு தடவை குரல் வந்தது: "மாமா, இருக்கியா?"

இதுதான் பன்னிரண்டு. இந்த வயதில்தான் அநாதையான நருட்டோ தனி வீட்டில் தானே பூட்டித் தானே திறந்து, காலாவதியான பாலைக் குடித்து, கப் நூடுல்ஸில் வெந்நீர் ஊற்றித் தின்றுவிட்டுத் தூங்குகிறான். அவன் கொல்லைப்புறம் போகும்போது வெளியில் நிற்க ஆள் இல்லை. கதையின் அஸ்திவாரம் இது. மந்திரமும் மாயமும் மேல்கட்டு.

பதினெட்டு வயது நடிகரை அந்த வீட்டில் குடிவைத்துப் பாருங்கள். தனிக்குடித்தனம் இருக்கும் இளைஞன் ஆகிவிடுவான். ஊர் அவனை ஒதுக்கினால், அமெரிக்கப் படங்களில் நாங்கள் நூறு தடவை பார்த்த 'ஸ்கூலில் எல்லாரும் கேலி செய்யும் பையன்' கதையாகிவிடும். டிராகன்பால் என்ற ஜப்பானியக் கதையை ஹாலிவுட் எடுத்தபோது, 2009இல் வந்த டிராகன்பால் எவல்யூஷனில் இதேதான் நடந்தது. மலைக்காட்டில் வளர்ந்த நாயகன் கோக்குவை அமெரிக்க ஹைஸ்கூல் பெஞ்சில் உட்கார வைத்தார்கள். அதற்கு வசனம் எழுதியவரே பல ஆண்டு கழித்து ரசிகர்களிடம் மன்னிப்புக் கேட்டார். கதையைப் படைத்த தோரியாமாவுக்கு வந்த எரிச்சல்தான் அவரை மறுபடி டிராகன்பால் எழுதவே இழுத்து வந்தது என்பார்கள். அந்த வகையில் அந்தப் படத்துக்கு ஒரு நன்றி. 2017 டெத் நோட் படமும் ஜப்பானில் நடக்கும் கதையைச் சியாட்டிலுக்குக் கடத்திக்கொண்டு போய் ஹைஸ்கூல் காதல் ஜோடியின் கையில் கொடுத்தது. ஏதோ ஒரு மீட்டிங் அறையில் 'பார்வையாளர் வயசுக்கு நாயகனை ஏற்றுவோம்' என்று யாரோ சொல்வார்கள் போல. உங்கள் மீட்டிங்கிலும் யாராவது சொல்வார்கள். அதற்காகத்தான் இந்த மடல்.

முதல் எபிசோடில் ஊஞ்சல் ஒன்று வரும். நிஞ்சாப் பள்ளியான அகாடமியின் வாசலில் ஒரு மரம், அதில் ஒரு ஊஞ்சல். தேர்வில் பாஸான பிள்ளைகளை அப்பா அம்மாமார் தோளில் தட்டிக் கூட்டிப் போகிறார்கள். ஃபெயிலான நருட்டோ ஊஞ்சலில் உட்கார்ந்து அதைப் பார்க்கிறான். இரண்டு பெண்கள் அவனைக் காட்டித் தங்களுக்குள் ஏதோ முணுமுணுக்கிறார்கள். பெரிய அழுகை எதுவும் கிடையாது. ஆனால் ஒரு ஊரில் உள்ள பெரியவர்கள் எல்லாரும் சேர்ந்து ஒரு குழந்தையிடம் பேசுவதில்லை என்று முடிவெடுத்தால் அது எப்படி இருக்கும் என்று அந்தச் சில நொடியில் தெரிந்துவிடும். ஒதுக்கிவைப்பது என்றால் என்னவென்று எங்கள் ஊர்க்காரர்களுக்கு விளக்கத் தேவையில்லை. தண்ணீர் கொடுக்காததும், பக்கத்தில் உட்காராததும், பேர் சொல்லிக் கூப்பிடாததும் நாங்கள் அறியாத விஷயமா? ஊஞ்சலில் தொங்கும் அந்தக் கால் தரையைத் தொடக்கூடாது, இயக்குநரே. தரையில் கால் ஊன்றும் நடிகர் என்றால் அந்தக் காட்சி போச்சு.

நீங்கள் மார்வெலின் ஷாங்-சி படத்தை எடுத்தவர் என்பதால் சண்டைக் காட்சிகள் நன்றாக வரும் என்று பலர் சந்தோஷப்படுகிறார்கள். எனக்கு நம்பிக்கை தந்தது அதற்கு எட்டு வருடம் முந்தைய படம், 2013இல் வந்த ஷார்ட் டெர்ம் 12. நிராதரவான பதின்வயதுப் பிள்ளைகளின் காப்பகம்தான் கதைக்களம். நீங்களே இளமையில் அப்படி ஒரு காப்பகத்தில் வேலை பார்த்தவர். அதில் ஒரு சிறுமி தான் எழுதிய கதையை வாசிப்பாள். ஒரு ஆக்டோபஸுக்குச் சுறாவோடு நட்பு. சுறா பசிக்கிறது என்று ஒரு கையைக் கேட்கும், ஆக்டோபஸ் கொடுக்கும். அப்புறம் இன்னொரு கை. வீட்டில் அவளுக்கு அப்பாவால் என்ன நேர்கிறது என்று அவளும் சொல்லமாட்டாள், நீங்களும் சொல்லவில்லை. எதிரே உட்கார்ந்து கேட்கும் ஊழியரின் முகத்தை மட்டும் காட்டினீர்கள். எங்களுக்குப் புரிந்துவிட்டது.

அந்தக் காட்சியை எடுத்தவருக்கு, நருட்டோவின் எதிர்ப்பக்கம் நிற்கும் சிறுவன் ஹாக்குவைப் பற்றி நான் சொல்லித்தர வேண்டியதில்லை. இருந்தாலும் சொல்கிறேன், கை சும்மா இருக்கமாட்டேன் என்கிறது.

அலைகளின் நாடு. ஆறாவது எபிசோடில் தொடங்கிப் பத்தொன்பதாவதில் முடியும் அந்தப் பகுதிதான் உங்கள் படமாக இருக்க வேண்டும் என்பது என் கட்சி. நருட்டோ அனிமே 220 எபிசோடு, அதற்கப்புறம் அதன் தொடர்ச்சியான ஷிப்புடென் 500. மொத்தம் 720. இதில் எதை எடுப்பது என்று ஸ்டுடியோவில் மண்டையை உடைத்துக்கொண்டிருப்பார்கள். நிஞ்சாக்களின் பதவி உயர்வுக்கான சுனின் தேர்வில் கைவைக்க ஆசை வரும். காரா, ராக் லீ, ஒரோச்சிமாரு என்று ஆளாளுக்கு ஒரு ரசிகர் மன்றம் உண்டு. வேண்டாம். ஒரு பாலம் போதும்.

வழித்துணைக்குப் போகிற சாதாரண வேலை என்று சொல்லித்தான் தசுனா என்ற பாலம் கட்டும் கிழவர் நருட்டோவின் குழுவைக் கூட்டிப் போகிறார். பொய். அவர் நாட்டை காட்டோ என்ற கப்பல் முதலாளி கையில் வைத்துக் கசக்கிக்கொண்டிருக்கிறான். பாலம் வந்தால் அவன் பிடி விடும், அதனால் கொலையாளிகளை ஏவியிருக்கிறான். உண்மையைச் சொன்னால் கூலி கூடுமே, ஊரில் காசு இல்லையே என்று கிழவர் மறைத்துவிட்டார். ஆக, பெரியவர்களின் வறுமைக்கும் பேராசைக்கும் நடுவே மூன்று பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் மாட்டிக்கொள்கிறார்கள். முதல் தாக்குதலில் நருட்டோ உறைந்துபோய் நிற்கிறான். கையில் விஷம். பயந்த கோபத்தில் கத்தியை எடுத்துத் தன் கையிலேயே குத்தி விஷத்தை வடிக்கிறான். பார்க்கும்போது வீரம் மாதிரி இருக்கும். கொஞ்சம் யோசித்தால் வயிற்றைப் பிசையும். ஒரு குழந்தை, தன்னைக் கோழை என்று சொல்லிவிட்டார்கள் என்பதற்காகச் செய்கிற காரியம் அது.

எதிர்ப்பக்கம் இருக்கும் ஹாக்குவுக்கு வயது பதினைந்து. பனியில் தெருவோரம் கிடந்த அநாதை. காட்டோ ஏவிய கொலையாளி ஜபுசா அவனைப் பொறுக்கி எடுத்து வளர்த்தது பாசத்தில் அல்ல, உபயோகப்படும் என்று. தான் ஒரு கருவி என்பதுதான் ஹாக்குவின் ஒரே பெருமை. ஜபுசா மட்டும் என்ன? அவனுடைய மூடுபனி கிராமத்தில் நிஞ்சாப் பட்டம் வாங்க வேண்டுமானால் கூடப் படிக்கும் பிள்ளைகளோடு மோதிக் கொல்ல வேண்டும். அவன் அந்தத் தேர்வு எழுதவேண்டிய வயதுகூட வராதபோதே உள்ளே புகுந்து நூற்றுக்கும் மேல் கொன்றவன். ஊரைத் தாக்கிய ஒன்பது வால் நரியை நருட்டோ வயிற்றில் அடைத்துவைத்ததும் ஊர்ப் பாதுகாப்புக்குத்தான்; அதற்காகவே ஊர் அவனை ஒதுக்குகிறது. இந்தக் கதையில் வரும் ஒவ்வொருவரும் சிறு வயதில் யாரோ ஒரு பெரியவரால் ஆயுதமாக்கப்பட்டவர். வயதைக் கூட்டினால் இந்தச் சங்கிலி முழுவதும் அறுந்துபோகும். இருபது வயது ஹாக்கு தன்னைக் கருவி என்று சொன்னால் அது விசுவாசம். பதினைந்து வயது ஹாக்கு சொன்னால் அது குற்றம், யாருடைய குற்றம் என்றும் தெரியும்.

பாலத்தின் மேல் ஹாக்கு செத்துக் கிடக்கிறான். காட்டோ வந்து அந்த உடலை உதைக்கிறான். ஜபுசா அசையாமல் நிற்கிறான். நருட்டோ அவனைப் பார்த்துக் கத்துகிறான்: ஹாக்கு உன்னை எவ்வளவு நேசித்தான் தெரியுமா, உனக்கு ஒன்றுமே தோன்றவில்லையா என்று. ஜபுசாவின் முகத்தில் பாதி கட்டுத்துணி. கண்ணீர் வழிவது மட்டும் தெரியும். அந்தக் கட்டைப் பல்லாலேயே கிழித்தெறிந்துவிட்டு, கை இரண்டும் தூக்க முடியாததால் கத்தியை வாயில் கவ்விக்கொண்டு காட்டோவின் ஆட்களுக்குள் நுழைவான். பிறகு பனி பெய்யும். இருபது வருஷமாகப் பார்க்கிறேன், இன்னும் அந்த இடத்தில் தண்ணீர் குடிக்க எழுந்து போகிற பாவனையில் ஹாலை விட்டுப் போய்விடுவேன்.

அந்தக் கத்தல் உடையாத குரலில் வர வேண்டும். கீச்சென்று, அழுகை அடைத்துக்கொண்டு, மூக்கு ஒழுக. மீசை முளைத்தவன் கத்தினால் அது வசனம்.

இதில் ஒரு எச்சரிக்கையும் உண்டு. எங்கள் சினிமாவில் நெடுங்காலம் குழந்தை நட்சத்திரம் என்றால் பெரியவர் பேசவேண்டியதை மழலையில் ஒப்பிக்கும் பொம்மை என்றுதான் அர்த்தம். அந்தப் பாவத்தில் நாங்கள் பட்டது போதும். நருட்டோ தத்துவம் பேசக்கூடாது. அவன் உளறட்டும், திரும்பத் திரும்ப 'நான் ஹோகாகே (ஊர்த்தலைவன்) ஆவேன்' என்று அலுப்புத் தட்டும் அளவுக்குச் சொல்லட்டும். அவன் அடிக்கடி சொல்லும் 'தத்தேபாயோ'வை மொழிபெயர்க்க யாரையும் விடாதீர்கள். அதற்கு அர்த்தமே கிடையாது, ஒரு குழந்தையின் வாய்ப்பழக்கம்.

நடைமுறைச் சிக்கல் எனக்குத் தெரியாமல் இல்லை. கலிஃபோர்னியாவில் பள்ளி நடக்கும் காலத்தில் இந்த வயதுப் பிள்ளையை ஒரு நாளில் 5 மணி நேரம்தான் கேமரா முன் நிறுத்தலாம், 3 மணி நேரம் பாடம் நடத்த வேண்டும். சட்டம் அப்படி இருப்பதும் நல்லதுதான், பிள்ளைகளைக் கருவியாக்காதே என்று சொல்லும் படத்தைப் பிள்ளைகளைக் கசக்கியா எடுப்பது? அதனால் நாட்கள் கூடும், செலவு கூடும். அதோடு, அடுத்த பாகம் எடுப்பதற்குள் பையன் வளர்ந்துவிடுவானே என்று தயாரிப்பாளர் பயப்படுவார். அந்தப் பயத்துக்குக் கிஷிமோட்டோ ஏற்கெனவே மருந்து வைத்திருக்கிறார். முதல் பகுதி முடிந்ததும் நருட்டோ தன் குரு ஜிரையாவோடு ஊரைவிட்டுப் போய், இரண்டரை வருடம் கழித்துத்தான் திரும்புகிறான். உயரமாக, குரல் மாறி. உங்கள் நடிகர் வளர்வதற்கான இடைவெளியைக் கதையே விட்டுவைத்திருக்கிறது. பத்தாண்டுகளில் எட்டு ஹாரி பாட்டர் படங்கள் எடுத்தவர்கள் அதே பிள்ளைகளை வளரவிட்டு எடுத்தார்கள், யாரும் குறை சொல்லவில்லை.

மற்ற தழுவல்களைப் பற்றி ஒரு வார்த்தை. அச்சு அசலாக எடுத்தால் தப்பிக்கலாம் என்று நினைக்க வேண்டாம். 2017 கோஸ்ட் இன் த ஷெல்லில் மாடியிலிருந்து குதிப்பது, தண்ணீரில் நடக்கும் சண்டை எல்லாம் 1995இல் வந்த ஜப்பானிய அனிமே படத்தைப் பார்த்துப் பார்த்து எடுத்தார்கள். மூலத்தில் இயக்குநர் மாமோரு ஓஷி நடுவில் கதையை நிறுத்திவிட்டு, மூன்று நிமிடம் போல வசனமே இல்லாமல் மழைநகரத்தைக் காட்டிக்கொண்டிருப்பார், கென்ஜி கவாயின் இசையோடு. அந்தப் பொறுமை 2017இல் யாருக்கும் இல்லை. நாயகி மோட்டோகோ வேடத்துக்கு ஹாலிவுட் வெள்ளைக்கார நடிகையைப் போட்டதில் வந்த சண்டையைத் தனியாகச் சொல்ல வேண்டாம். நருட்டோவின் முடி மஞ்சள் என்பதை வைத்து யாராவது உங்களிடம் ஏதாவது ஆரம்பித்தால், அந்தப் படத்தை ஒருமுறை போட்டுக் காட்டுங்கள்.

கௌபாய் பீபாப் அனிமேயை நிஜ நடிகர்களை வைத்துத் தொடராக்கிய கதை இன்னும் வேதனை. 2021 நவம்பர் 19இல் வந்தது, மூன்று வாரம் முடிவதற்குள் நெட்ஃபிளிக்ஸ் இழுத்து மூடியது. பழைய இசையமைப்பாளர் யோகோ கன்னோவையே கூட்டி வந்தார்கள், டைட்டிலை அப்படியே எடுத்தார்கள். ஆனால் 26 எபிசோடு அனிமேயில் விரல்விட்டு எண்ணும் இடங்களில் மட்டும் வந்து போகும் வில்லன் விஷியஸையும், கனவு மாதிரி வரும் பழைய காதலி ஜூலியாவையும் பிடித்து வைத்து முழுக் குடும்பக் கதை எழுதிவிட்டார்கள். மூலத்தின் இயக்குநர் வதனாபே, முதல் சூதாட்ட விடுதிக் காட்சிக்கு மேல் தன்னால் பார்க்க முடியவில்லை என்று பின்னர் சொன்னார். சொல்லாமல் விட்டதுதான் அந்தக் கதையின் அழகு. காலி இடத்தைக் கண்டால் பந்தல் போட்டுவிடும் வியாதி உங்கள் எழுத்தாளர் அறைக்கு வராமல் இருக்கட்டும்.

ஜெயித்தவர்களும் உண்டே. 2023இல் வந்த கடற்கொள்ளையர் தொடரான ஒன் பீஸில் நாயகன் லூஃபியின் வைக்கோல் தொப்பிக்கும் நத்தை டெலிபோனுக்கும் யாரும் கூச்சப்படவில்லை. கதையைப் படைத்த எய்ச்சிரோ ஓடா கூடவே உட்கார்ந்திருந்தார். வாள்வீரன் கதையான ருரோனி கென்ஷின் படங்களில் இயக்குநர் கெய்ஷி ஓட்டோமோ மனித உடம்பால் எவ்வளவு வேகமாக ஓட முடியுமோ அவ்வளவு வேகத்தையும் நிஜத் தரையில் காட்டினார். ஆனால் இரண்டிலும் நாயகர்கள் வளர்ந்தவர்கள். குழந்தையை நடுவில் வைத்து இதைச் செய்து காட்டியவர் இன்னும் யாருமில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. உங்களுக்காகக் காலியாக இருக்கும் நாற்காலி அது.

நிஞ்சாக்கள் மந்திரம் போட விரலால் பிடிக்கும் கைமுத்திரைகளைப் பற்றிச் சொல்லாமல் முடித்தால் என் அக்கா மகன் என்னை விடமாட்டான். எலி, எருது, புலி, முயல், டிராகன், பாம்பு, குதிரை, ஆடு, குரங்கு, பறவை, நாய், பன்றி. பன்னிரண்டும் அவனுக்குத் தலைகீழ்ப் பாடம், பெருக்கல் வாய்ப்பாடு பன்னிரண்டு மட்டும் வராது. இந்த முத்திரைகளின் வேர் ஜப்பானின் மந்திர பௌத்தத்தில் இருக்கிறது, அதன் வேரோ இந்தியாவில். அதனால் கொஞ்சம் உரிமை எடுத்துக்கொண்டு சொல்கிறேன். பரதநாட்டிய வகுப்பில் முதலில் சொல்லித்தருவது, கை போகும் இடத்துக்குக் கண் போக வேண்டும், கண் போகும் இடத்துக்கு மனம் போக வேண்டும் என்பது. நடிகர் விரலை மடக்கிவிட்டு, மிச்சத்தைக் கம்ப்யூட்டர் கிராஃபிக்ஸ் பார்த்துக்கொள்ளும் என்று எதிரியைப் பார்த்துக்கொண்டிருந்தால், நெருப்பு எவ்வளவு பெரிதாக வந்தாலும் எடுபடாது. ஆறு மாதம் அந்தப் பிள்ளைகளை ஒரு நல்ல நாட்டிய ஆசிரியரிடம் விடுங்கள். எந்த நாட்டுக்காரராக இருந்தாலும் சரி.

வரைந்த கோடு செய்யும் எல்லாவற்றையும் உடம்பு செய்ய முடியாது. ஷிப்புடெனின் 167ஆவது எபிசோடில் வில்லன் பெயினின் முகம் ரப்பர் மாதிரி இழுபடுவதை வைத்து இன்னமும் மீம் போடுகிறார்கள். எனக்கு அந்தச் சண்டை ரொம்பப் பிடிக்கும். அதை நீங்கள் முயற்சியே செய்யாதீர்கள். அதற்குப் பதிலாக உங்களிடம் இருப்பது, எந்த ஓவியருக்கும் கிடைக்காத ஒன்று: ஒரு நிஜப் பிள்ளையின் முகம், க்ளோசப்பில்.

கிஷிமோட்டோ உங்களைச் சந்தித்த பிறகு, இதற்கு வேறு இயக்குநர் இல்லை என்ற பொருளில் அறிக்கை விட்டார். அவரே சொன்ன பிறகு நான் யார். படம் எப்போது வந்தாலும் முதல் நாளே போவோம். தமிழ் டப்பிங்கும் வரும் என்று நம்புகிறேன். வந்தால், நருட்டோவுக்குப் பேசுவதற்கும் ஒரு சின்னப் பிள்ளையையே பிடிக்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
நெற்றிப்பட்டை கட்டும் வயதைத் தாண்டிய ஒரு ரசிகன்

பி.கு.: இந்த மடலை அக்கா மகனிடம் வாசித்துக் காட்டினேன். ஊஞ்சலைப் பற்றி எழுதியது சரி என்றான். கொல்லைப்புற விஷயத்தை எடுத்துவிடச் சொன்னான், இப்போதெல்லாம் தனியாகத்தான் போகிறானாம். எடுக்கவில்லை.